கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை: காரைத் தயார்செய்யும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் பள்ளி விடுமுறையும் தென்மாவட்டங்களில் கொடை எனப்படும் கோயில் திருவிழாக்களும் சேர்ந்து வருவதால், சென்னையில் வாழும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்கள் ஆண்டிலேயே வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நாட்களில்தான் காரில் ஊருக்குப் புறப்படுகின்றன. அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28ஆம் தேதியை ஒட்டி முடிகிறது. அந்த நாட்களில் திருச்சியிலும் மதுரையிலும் நிழலில் அளக்கும் வெப்பமே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிட வெகுவாகச் சுடும். நகரத்துக்குள் நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடிப் பழகிய கார், அத்தகைய ஒரு நாளில் ஆட்களையும் மூட்டைமுடிச்சுகளையும் சுமந்துகொண்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.

இந்தச் சாலையில் பல கோடைகள் போய்வந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வெயில் புதிதாகக் கோளாறு எதையும் கொண்டுவருவது குறைவு. மாசிப் பங்குனியிலேயே காரில் ஒளிந்திருந்த சிறு குறையைத்தான் அது உளுந்தூர்ப்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவே வெளியே இழுத்துப்போடுகிறது. ஆகவே தேடுவதற்கு நமக்கு அவகாசம் வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்பே காரைப் பார்க்கத் தொடங்குங்கள். முந்தின நாள் மாலை சர்வீஸ் முடித்து மறுநாள் விடியற்காலையில் புறப்படுவது மிகத் தவறான பழக்கம். அதை நானே செய்து பட்டிருக்கிறேன். ஒரு முறை புறப்படுவதற்கு முந்தின மாலை ரேடியேட்டர் ஹோஸை மாற்றினார்கள். கிளாம்பைச் சரியாக முறுக்காமல் விட்டது யாருக்கும் தெரியவில்லை. விழுப்புரம் தாண்டியதும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சிறிதுசிறிதாகக் கசிந்து, நண்பகலில் இரண்டு குழந்தைகளோடு சாலையோரப் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதே வேலையை ஒரு வாரம் முன்பு செய்திருந்தால் வீட்டு வாசலிலேயே சொட்டுத் தெரிந்திருக்கும். எந்தப் பழுதுபார்ப்பும் முடிந்தபின் குறைந்தது 50 கிலோமீட்டர் ஓட்டி, மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

டயர்

முதலில் பார்க்க வேண்டியது டயர். ஏனெனில் மற்ற கோளாறுகள் காரை நிறுத்தும், டயர் வெடிப்போ உயிரையே பறிக்கக்கூடும்.

கோடையில் காற்று விரிவடையும், அதனால் டயரில் வழக்கத்தைவிட நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைத்து வைக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பஞ்சர் கடைகளில்கூட அக்கறையோடு இதைச் சொல்பவர்கள் உண்டு. இது ஆபத்தான அறிவுரை. வெப்பம் 10 டிகிரி கூடினால் கார் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஓட்டத்தில் ஏறும் நாலைந்து பி.எஸ்.ஐ. அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கார் நிறுவனம் தன் அளவைக் குறித்திருக்கிறது. காற்றுக் குறைந்த டயர்தான் வெடிப்புக்கு அருகில் நிற்கிறது. நடுத்தரக் கார் ஒன்றின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. காற்றுக் குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் வளையுமிடம் சூடாகி முறிவதைப் போலவே, ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகளும் சூடேறி அடுக்கு அடுக்காகப் பிரிந்து ஒரு கட்டத்தில் கிழிந்துவிடுகின்றன.

சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். அதில் இருவர் மட்டும் செல்லும்போது ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறோர் அளவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேரும் நிறைந்த டிக்கியுமாகப் போகும்போது முழுச் சுமைக்குரிய அளவையே வைக்க வேண்டும், பல கார்களில் பின் டயர்களுக்கு அது கூடுதலாக இருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதை நிரப்பும் அளவாகக் கொள்ளக் கூடாது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது கார் நின்று மூன்று மணி நேரமாவது கழிந்த பின்போ, விடியற்காலையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குள்ளோ அளக்க வேண்டும். நண்பகலில் வழியில் அளந்து, கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். இரவில் டயர் குளிர்ந்ததும் அது குறைகாற்று டயராகிவிடும். நைட்ரஜன் நிரப்பினால் தீங்கில்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சரியான அளவில் இருக்கும் சாதாரணக் காற்று, அளவு தவறிய நைட்ரஜனைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து டயரின் வயது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன், அதாவது சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பரப்பு, நன்றாக இருந்தாலும் ரப்பர் வெயிலில் இறுகி விரிசல் விடுகிறது. கொஞ்சமாக ஓடும் கார்களில்தான் இந்த ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் தேய்மானம் தெரியாததால் உரிமையாளர் டயரைப் புதிது என்றே நினைத்திருப்பார். ஆறு ஆண்டு கடந்த டயருடன் இந்தப் பயணத்துக்கு நான் புறப்பட மாட்டேன். பள்ளங்களுக்கு நடுவே சிறு திட்டுகளாக இருக்கும் தேய்மானக் குறி பட்டனின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, அந்த டயரை மாற்றியே தீர வேண்டும். பக்கச்சுவரில் கொப்புளம்போல வீங்கியிருந்தால் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் ஒட்டுவதைப் போன்ற வைத்தியம் கிடையாது.

ஸ்டெப்னியை மறந்துவிடுவது எல்லோருக்கும் வழக்கம். அதற்கும் காற்று நிரப்புங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே ஜாக்கியை வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டுகள் காரோடு வந்த சிறு ஸ்பேனருக்கு அசையாமல் இருப்பதும், ஜாக்கியின் கைப்பிடியே டிக்கியில் இல்லாதிருப்பதும் அப்போதுதான் தெரியும். வேறு மூன்று பேரிடம் உதவி கேட்க முடிகிற வீட்டு வாசலில் அது தெரிவது நல்லது. உங்கள் ஸ்டெப்னி மற்ற நான்கையும்விட மெலிந்ததாக இருந்தால், அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பையும் படித்துவையுங்கள். பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றிருக்கும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலண்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரிக்கு அருகில் உயர்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே தக்கவைக்கும் அழுத்தமும் சேர்ந்தால் அது 125 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே கோடையில் எஞ்சினுக்கு இருக்கும் பாதுகாப்பு இந்த இரண்டையும் பொறுத்தது: கலவை சரியாக இருக்க வேண்டும், அழுத்தம் கசியாமல் நிற்க வேண்டும். குறைந்ததே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்த காரில் கலவை நீர்த்துப்போயிருக்கும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரோ, தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். சேர்க்க வேண்டியிருந்தால் காரின் கையேடு குறிப்பிடும் வகைக் கூலண்டையே, பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீருடன் கலந்து சேர்க்க வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, ஒரே பச்சை நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன.

காலையில் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது கூலண்ட் தொட்டியின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் அளவு நிற்கிறதா என்று பாருங்கள். இது மூடிய சுற்று. கார் கூலண்டைக் குடிப்பதில்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள், அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பி மட்டும் விடக் கூடாது. ஹோஸ்களின் இரு முனைகளிலும், வாட்டர் பம்பின் அடியிலும், ரேடியேட்டரின் ஓரங்களிலும் காய்ந்த வெண்ணிறப் படிவோ கூலண்டின் நிறக்கறையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தால் நல்ல ரப்பர் விறைப்பாக அமுங்கி மீளும். கனிந்த வாழைப்பழம்போல் நொய்ந்தாலோ, நொறுநொறுவென்று வெடித்தாலோ மாற்றிவிட வேண்டும். மூடியின் ரப்பர் வளையமும் தேய்ந்திருக்கக் கூடாது.

முன்பக்கக் கம்பிவலைக்கு உள்ளே ஏ.சி. கண்டென்சரும் அதன் பின்னால் ரேடியேட்டரும் இருக்கின்றன. மண், பூச்சி, சருகு, சில வேளை ஒரு பாலித்தீன் பைகூட அங்கே ஒட்டிக்கொண்டு காற்றை மறித்திருக்கும். மெதுவான நீர்வீச்சால் கழுவலாம். கார் கழுவும் இடங்களிலுள்ள அழுத்தக் குழாயை நேராகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து அடைப்பு இன்னும் மோசமாகும்.

இனி ஒரு சோதனை, செலவே இல்லாதது, ஆனால் நான் மிகவும் நம்புவது. நெடுஞ்சாலையில் கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். உண்மையான சோதனை விடுமுறைக் கூட்டத்தில் பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான் வருகிறது, அங்கே ரேடியேட்டர் ஃபேன் மட்டுமே துணை. ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மதியம் இரண்டு மணிக்கு, காரைத் திறந்தவெளியில் நிறுத்தி எஞ்சினை 20 நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் ஏ.சி.யை அணைத்து வையுங்கள்: சூடு ஏறியதும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கி, குறைந்ததும் நிற்க வேண்டும். பிறகு ஏ.சி.யைப் போட்டு வைத்துப் பாருங்கள். வெப்பமானியின் முள் நடுப்பகுதியைத் தாண்டாமல் நின்றால் கார் வரிசையைத் தாங்கும். முள்ளே இல்லாத புதிய கார்களில் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் இருக்கும். அவற்றில் சிவப்பு எரிந்தால் அது எச்சரிக்கையாக மட்டும் முடிவதில்லை, அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று பொருள்.

கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கோடைக்குக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமல் எரிபொருளை அதிகம் தின்னும், தேய்மானமும் கூடும். சூடேறும் காரில் அடைபட்ட ரேடியேட்டரையோ பழுதான ஃபேனையோ மறைப்பதற்கே அந்த வைத்தியம் பயன்படுகிறது.

பேட்டரியும் மின்கம்பிகளும்

குளிர்நாட்டவர்கள் பேட்டரி பனியில் சாவதாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதைக் கொல்வது வெப்பம். உள்ளே நடக்கும் இரசாயன வினை விரைவுபட்டுத் தகடுகள் அரிக்கின்றன, நீர் ஆவியாகிறது. மூன்று ஆண்டு கடந்த பேட்டரியைக் கடையில் சுமை கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் பேட்டரியும் அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் நலமாக உள்ளன எனலாம். முனைகளில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தால் முதலில் எதிர்மின் முனையைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, உலர்ந்ததும் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது எதிர்மின் முனை கடைசியில் வர வேண்டும்.

கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், பாட்டுக்கருவி என்று பின்னால் பொருத்தியவை இருந்தால் அவற்றின் இணைப்புகளைத் தேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டுங்கள். ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்த கம்பியும், டேப் சுற்றிய முடிச்சும் எஞ்சின் சூட்டில் உருகி உரசித் தீப்பற்றக்கூடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் சிறு தீயணைப்பானும் ஒன்று இருக்கட்டும். சி.என்.ஜி. காராக இருந்தால் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய அழுத்தச் சோதனை காலாவதியாகவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக், ஆயில், மற்றவை

வழியில் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ திரும்பும் எண்ணம் இருந்தால் பிரேக் ஆயிலை அலட்சியம் செய்யாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்தச் சூட்டை எட்டினால் ஆயில் ஆவியாகி, பெடல் காலடியில் வெறுமையாக இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்குங்கள்.

எஞ்சின் ஆயிலின் அளவை அளவுகோலால் சமதரையில் பார்த்து, மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். பெல்ட்டில் விரிசல் இருக்கக் கூடாது. வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். கோடை மழை மதுரைக்குத் தெற்கே திடீரென்று அடிக்கும்.

ஏ.சி. குளிர்ச்சி குறைந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிவிடுவது பொதுவான பழக்கம். கேஸ் தானாகத் தீராது, கசிந்திருக்க வேண்டும். கசிவை அடைக்காமல் நிரப்பிய கேஸ் பயணத்தின் நடுவிலேயே போய்விடும். அதற்கு முன்பு கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பாதிக் குறை அந்தத் தூசியில்தான் இருக்கும்.

கோடையில் டேங்கை நிரப்பினால் வெடித்துவிடும் என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் சுற்றுகிறது. அது பொய். ஆவிக்கான இடத்தை விட்டே டேங்க் வடிவமைக்கப்படுகிறது. குழாய் தானாக நின்றபின் மேலும் திணிக்காமல் இருந்தால் போதும்.

புறப்படும் நாளும் வழியும்

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால், திருச்சிவரையுள்ள 330 கிலோமீட்டரையும் பெரும்பாலும் வெயில் உச்சிக்கு வருமுன் கடந்துவிடலாம். 12 மணிமுதல் 3 மணிவரை எங்காவது நிழலில் காரையும் ஆட்களையும் ஆறவிட்டு, மாலையில் கோவில்பட்டிக் கரிசல் காட்டைக் கடப்பதே என் வழக்கம். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், காருக்கென்று தனியே ஐந்து லிட்டர் நீர், ஒரு லிட்டர் கூலண்ட், டார்ச், எச்சரிக்கை முக்கோணம், 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி ஆகியவை டிக்கியின் மேற்புறத்தில், பெட்டிகளை இறக்காமலே எடுக்கும்படி இருக்க வேண்டும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்ஸ் 108.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சற்றுத் தூரம் ஓட்டிச் சூடான காற்றை வெளியேற்றிய பிறகு ஏ.சி.யைப் போட்டு, உட்காற்றே சுழலும்படி வையுங்கள். சானிடைசர், வாசனைத் தெளிப்பான், சிகரெட் லைட்டர், பவர் பேங்க் எதையும் டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். இன்சுலின் போன்ற மருந்துகள் குளிர்ப்பையில் உங்களோடு இறங்கட்டும். பூட்டிய காரின் உள்வெப்பம் முதல் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ பத்து டிகிரி உயரும். ஆகவே டீ குடித்துவரும் நேரத்துக்குக்கூடக் குழந்தையையோ முதியவரையோ தூங்கட்டும் என்று உள்ளே விட்டுச் செல்லக் கூடாது.

ஓட்டத்தில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும். அப்படியும் ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆவி பறக்கும்போது பானெட்டைத் தூக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குள் தொடவே கூடாது. திறந்த கணமே அழுத்தம் இறங்கி உள்ளிருக்கும் நீர் முழுதும் கொதித்து முகத்தில் பீறிடும். நன்றாக ஆறிய பின்பு, கனத்த துணியைப் போர்த்தி, முதல் கால்சுற்றில் நிறுத்தி, அழுத்தம் போன பிறகே கழற்ற வேண்டும். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பும் அலுமினியமும் விரிசல் விடும். நீர் ஊற்றி அளவு உயர்ந்தாலும், கசிவு எங்கே என்று தெரியாத காரை அடுத்த மெக்கானிக் வரைக்கும் மட்டுமே, மெதுவாக ஓட்டுங்கள்.

ஊர்போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், கார் குளிர்ந்திருக்கும்போதே, டயர் காற்றையும் கூலண்ட் அளவையும் மீண்டும் பாருங்கள். வரும்போது இருந்த அளவு சற்றுக் குறைந்திருந்தால், திரும்பும் நாளுக்குள் நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ சரிசெய்துகொள்ள உங்களுக்குக் கொடை முடியும்வரை நேரம் இருக்கிறது.